67, 30, 3: மக்காண்டோ கிணற்றுக்கு யார் பொறுப்பு?

#1 பரிதி

எல்லாருக்கும் வணக்கம். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு கேள்வி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. அதனால் இங்கே இறக்கி வைக்கிறேன்.

2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் (கடலில் துளையிடும் மேடை) வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். 22ஆம் தேதி ரிக் மூழ்கியது. கீழே மக்காண்டோ கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கியது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. 2014 செப்டம்பரில் நீதிபதி கார்ல் பார்பியர் பழியைப் பங்கு பிரித்தார்: பிபி 67 சதவீதம், டிரான்ஸோஷன் 30, ஹாலிபர்ட்டன் 3.

இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. கிணறு பிபி எண்ணெய்க் கம்பெனியுடையது. ஆனால் ரிக் டிரான்ஸோஷனுக்குச் சொந்தம். துளையிட்ட ஆட்களும் அவர்கள்தான். சிமெண்ட் இறக்கியது ஹாலிபர்ட்டன். கிணறு பொங்கினால் மூடுவதற்காகக் கடலடியில் உட்கார்ந்திருந்த பி.ஓ.பி. என்ற வால்வு அடுக்கைச் செய்தது கேமரன். அன்று ரிக்கில் இருந்த 126 பேரில் பிபி ஊழியர்கள் 7 பேர். அவர்கள் ஒரு வால்வைக்கூடத் தங்கள் கையால் திருப்பியிருக்க மாட்டார்கள். கை வைத்தவன் எல்லாம் வேறு ஆள், மூன்றில் இரண்டு பங்கு பழி மட்டும் கை வைக்காதவன் தலையில். எப்படி?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மாவந்தவன்

இதில் என்ன குழப்பம்? மேஸ்திரி கட்டின சுவர் இடிந்தால் மேஸ்திரியைப் பிடிக்கணும். வீட்டுக்காரன் சட்டையைப் பிடித்து என்ன பிரயோஜனம்?

#3 சேற்றுக்காரன்

சும்மாவந்தவரே, 21 கம்பி போடணும்னு மேஸ்திரி சொல்லி, வீட்டுக்காரர் 6 போதும்னு சொல்லியிருந்தால்?

நான் 14 வருஷம் ரிக்கில் சேறு பார்த்தவன். மட் என்ஜினியர் என்பார்கள். சேறு என்றால் காலில் ஒட்டுகிற சேறு இல்லை. துளையிடும்போது கிணற்றுக்குள் அனுப்புகிற கனமான திரவம். பூமிக்குள் எண்ணெயும் வாயுவும் மேலே வரத் துடித்துக்கொண்டிருக்கும். அதைக் கீழேயே அமுக்கி வைப்பது இந்தச் சேற்றின் எடைதான். அது இருக்கும்வரை கிணறு தூங்கும்.

அந்த 6, 21 விஷயம் இதுதான். கிணற்றில் இறக்கும் இரும்புக் குழாய் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சிமெண்ட் சுற்றிலும் சமமாகப் போகாது. நடுவில் நிறுத்தச் சென்ட்ரலைசர் என்று ஒரு வளையம் மாட்டுவார்கள். ஹாலிபர்ட்டன் கணிப்பு 21 கேட்டது. ரிக்கில் இருந்தது 6. இன்னும் 15 ஹெலிகாப்டரில் வந்தும் சேர்ந்தது. தவறான வகை வந்துவிட்டது என்று பிபி ஆட்கள் நினைத்து அதை மாட்டவில்லை. பிறகு பார்த்தால் அது சரியான வகைதானாம்.

சிமெண்ட் நன்றாகப் பிடித்ததா என்று பார்க்க ஸ்லம்பெர்ஜர் என்ற கம்பெனியின் சோதனைக் குழு ஒன்று ரிக்கில் காத்திருந்தது. 20ஆம் தேதி காலையில் சோதனை எதுவும் செய்யாமலே அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சோதனை வேண்டாம் என்று சொன்னது டிரான்ஸோஷனும் இல்லை, ஹாலிபர்ட்டனும் இல்லை.

பரிதி தம்பி, ரிக்கில் 'கம்பெனி மேன்' என்று ஒருத்தர் இருப்பார். கிணற்றுக்குச் சொந்தமான கம்பெனியின் ஆள். அவர் கையில் எண்ணெய்க் கறைகூட இருக்காது. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று மற்ற எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

#4 எதிர்க்காற்று

சேற்றுக்காரன் அண்ணன் பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார். மீதி நான் சொல்கிறேன்.

விபத்துக்குப் பிறகு ஹாலிபர்ட்டன் கணினியில் ஒரு ஒப்பீடு ஓட்டிப் பார்த்தது: 6 வளையம் போட்டால் எப்படி, 21 போட்டால் எப்படி என்று. பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. அந்த முடிவை அழித்துவிட்டார்கள்! 2013இல் ஆதாரத்தை அழித்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். அபராதம் 2 லட்சம் டாலர். ஆக, இங்கே எல்லாரும் மேற்கோள் காட்டும் '6 எதிர் 21' கதை அடுத்தவன் மேல் பழி போட வசதியாக இருந்த கதை. அவர்கள் கலந்த நுரை சிமெண்ட் ஆய்வகச் சோதனைகளிலேயே நிலையாக நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வெறும் 3 சதவீதமா?

டிரான்ஸோஷன் விஷயத்துக்கு வருவோம். கிணற்றில் வாயு ஏறுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது டிரில்லரின் வேலை. அன்று இரவு சுமார் 50 நிமிடம் கிணறு சொல்லிக்கொண்டே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சேறு ரிக் தளத்துக்கு மேலே பீறிட்டபோதுதான் விழித்தார்கள். அப்போதும் அதை ரிக்குக்கு வெளியே கடலுக்குத் திருப்பிவிடாமல் ரிக்கில் இருந்த வாயுப் பிரிப்பானுக்குத் திருப்பினார்கள். அவ்வளவு வாயுவை அது தாங்காது. ரிக்கையே வாயு சூழ்ந்தது. 9:49க்கு வெடி.

பிபி பெரிய கம்பெனி, பணம் இருக்கிற இடம். அதனால் 67. என் கருத்து அவ்வளவுதான்.

#5 சேற்றுக்காரன்

வளைய விஷயத்தில் எதிர்க்காற்று சொல்வது சரி. ஒத்துக்கொள்கிறேன். கிணற்றைக் கொன்றது அந்த ஆறு வளையம் என்று நானும் நினைக்கவில்லை. சிமெண்ட் சொதப்புவது உலகத்தில் நடக்கிற காரியம்தான். சொதப்பியதா என்று கண்டுபிடிக்கத்தான் அடுத்த சோதனை. என் கோபம் எல்லாம் அதில்தான்.

நெகடிவ் பிரஷர் டெஸ்ட். கிணற்றை மூடிவிட்டு ரிக் அடுத்த வேலைக்குப் போகணும் என்றால் மேலிருக்கும் கனமான சேற்றை எடுத்துவிட்டு லேசான கடல்நீரை வைக்கணும். எடுத்தபிறகு சிமெண்ட் தாங்குமா? முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதுதான் டெஸ்ட். அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வால்வை மூடி, காத்திருக்கணும். ஊசி அசையக் கூடாது. அசைந்தால் கீழிருந்து ஏதோ உள்ளே வருகிறது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அன்று டிரில் பைப்பில் அழுத்தம் 1,400 பி.எஸ்.ஐ. வரை ஏறி நின்றது. ஒருமுறை இல்லை, இறக்க இறக்க ஏறியது. அப்போது ரிக்கில் ஒரு விளக்கம் பிறந்தது: மேலே ரைசரில், அதாவது ரிக்கையும் கிணற்று வாயையும் இணைக்கும் பெரிய குழாயில், இருக்கும் சேற்றின் எடை ரப்பர் அடைப்பை அமுக்குகிறது, அதனால் ஊசி ஏறுகிறது என்று. இதைச் சொன்னது டிரான்ஸோஷன் ஆட்கள் என்று விசாரணையில் வந்தது. கம்பெனி மேன்கள் தலையாட்டினார்கள். பிறகு கில் லைன் என்கிற இன்னொரு குழாயில் பார்த்தார்கள். அதில் 0. அரை மணி நேரம் 0. 'சோதனை பாஸ்.'

ஒரே கிணற்றில் செருகிய இரண்டு குழாய். ஒன்றில் 1,400, ஒன்றில் 0. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எது பொய் என்று தேடாமல், நமக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டோம். (நாங்கள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

இன்னும் ஒன்று. இரவு 8:52க்கு ரிக்கில் இருந்த கம்பெனி மேன் கரையில் இருந்த பிபி என்ஜினியரோடு போனில் பேசினார். இந்த 1,400, 0 விவகாரம் அந்தப் பேச்சில் வந்தது. சரியாகச் செய்த டெஸ்டில் இப்படி இரண்டு எண் வரவே வராது என்பது கரையில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் யாரும் 'நிறுத்து' என்று சொல்லவில்லை. வெடிக்க இன்னும் 57 நிமிடம் இருந்தது.

பார்பியர் 67 கொடுத்தது பணப்பையைப் பார்த்து இல்லை, இந்த டெஸ்டையும் இந்த போனையும் பார்த்து. தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

#6 பரிதி

அண்ணே, இந்த 8:52 எங்கள் பாடப் பொருளில் இல்லவே இல்லை. நன்றி. அப்போ கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். தவறு செய்தவன், காசு கட்டுகிறவன், தண்டனை வாங்குகிறவன் எல்லாம் ஒரே ஆள்தானா? 67 சதவீதம் என்றால் மொத்தச் செலவில் 67 சதவீதம் பிபி கட்டியதா?

#7 வழக்காடி

இல்லை. இந்த இழையில் பாதிச் சண்டை இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது. நான் கடல்சார் வழக்குகளில் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறேன். முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன் (சுருக்கமாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்).

எக்ஸான் வால்டெஸ் கப்பல் 1989இல் அலாஸ்காவில் தரைதட்டிய பிறகு, அமெரிக்கா 1990இல் எண்ணெய் மாசுச் சட்டம் கொண்டுவந்தது. அதில் 'பொறுப்பாளி' என்று ஒரு ஆளை முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். கடல் கிணறு என்றால் குத்தகை எடுத்தவர். யார் தவறு என்று முதலில் யாரும் கேட்கமாட்டார்கள். துப்புரவுச் செலவு முழுக்க அவர் தலையில். அதற்குமேல் மீனவர், விடுதிக்காரர் போன்றவர்களின் நஷ்டத்துக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது: 7.5 கோடி டாலர். படு அலட்சியம் நிரூபணமானாலோ, பாதுகாப்பு விதி மீறப்பட்டிருந்தாலோ அந்த வரம்பு உடையும். பிபி இந்த வரம்பைத் தானாகவே விட்டுக்கொடுத்தது. அரசாங்கமும் மக்களும் கொடுத்த நெருக்கடியில் வேறு வழியும் இல்லை. 2010 ஜூனில் 2,000 கோடி டாலர் நிதி ஒதுக்க ஒப்புக்கொண்டது. 2014 டிசம்பரில் வரம்பை 13.4 கோடி டாலராக உயர்த்தினார்கள். மக்காண்டோவில் ஆன செலவுக்கு முன்னால் இதுவும் ஒரு துளிதான்.

இரண்டாவது, தூய நீர்ச் சட்டம். இது அபராதம், பீப்பாய்க் கணக்கு. அப்போது சாதாரணக் கசிவுக்குப் பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை, படு அலட்சியம் என்றால் 4,300 வரை. அதனால்தான் 'படு அலட்சியம்' என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பார்பியர் 31.9 லட்சம் பீப்பாய் என்று கணக்கிட்டார். பெருக்கிப் பாருங்கள்: ஒரு பக்கம் 350 கோடி டாலர், மறுபக்கம் 1,370 கோடி. 67, 30, 3 என்ற பங்கைவிட இந்த வார்த்தைதான் பிபிக்கு அதிக வலி கொடுத்தது.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். எண்ணெய் 'எங்கிருந்து' கடலில் கலந்தது? கசிந்தது ரைசரும் பி.ஓ.பி.யும் வழியாக, அவை டிரான்ஸோஷன் சொத்து, எனவே கிணற்றுக்காரர்களான நாங்கள் அபராதத்துக்கு ஆளில்லை என்று பிபியும் அனடார்கோவும் வாதாடின. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதை ஏற்கவில்லை. சிமெண்ட் தோற்ற இடத்தில், அதாவது கிணற்றில்தான் கட்டுப்பாடு போனது, எனவே கலந்ததும் கிணற்றிலிருந்துதான் என்றது. வெளியே வந்த கதவைப் பார்க்காதே, பூட்டு உடைந்த அறையைப் பார் என்ற மாதிரி.

#8 சும்மாவந்தவன்

அனடார்கோ யார் புதுசா?

#9 கணக்குப்பிள்ளை

கூட்டாளி. கிணற்றில் பிபிக்கு 65 சதவீதம், அனடார்கோவுக்கு 25, மோயெக்ஸுக்கு 10. கிணறு பலித்திருந்தால் லாபத்திலும் அதே பங்கு. அனடார்கோ எந்த முடிவிலும் கலந்துகொள்ளவில்லை, அதன் மேல் தவறு இல்லை என்று நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் 2015இல் 15.95 கோடி டாலர் அபராதம். கிணற்றின் உரிமையாளர் நீ, போதும். அதற்கு முன்பே 2011இல் பிபியோடு கணக்கு முடிக்க 400 கோடி டாலர் கொடுத்திருந்தது. மோயெக்ஸ் 106.5 கோடி. பி.ஓ.பி. செய்த கேமரன் 25 கோடி. பழிப் பங்கில் 0 வாங்கிய மூன்று பேர் கட்டிய தொகை இது.

இப்போது எதிர்ப்பக்கம். 30 சதவீதப் பழி வாங்கிய டிரான்ஸோஷன் 2013இல் அரசுக்கு 140 கோடி டாலர் கட்டியது. நஷ்டஈட்டில் பெரும்பகுதி அதன் மேல் வரவே இல்லை. காரணம் ஒப்பந்தம். ரிக் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: தண்ணீருக்கு மேலே ரிக்கிலிருந்து கொட்டினால் டிரான்ஸோஷன் பொறுப்பு, தண்ணீருக்குக் கீழே கிணற்றிலிருந்து வந்தால் பிபி பொறுப்பு, யார் தவறாக இருந்தாலும். டிரான்ஸோஷன் படு அலட்சியமாக இருந்திருந்தாலும்கூட மூன்றாம் தரப்பாருக்குத் தரும் நஷ்டஈட்டுக்கு இந்த ஷரத்து செல்லும் என்று 2012 ஜனவரியில் பார்பியர் தீர்ப்பளித்தார். அரசு விதிக்கும் அபராதத்துக்கும், தண்டனையாக விதிக்கும் தண்டத்தொகைக்கும் செல்லாது.

துளையிடும் தொழிலில் இது சகஜம். சிறிய ஒப்பந்தக்காரன் தலையில் ஆயிரம் கோடி விழுந்தால் அவனுக்கு எந்த இன்சூரன்ஸும் கிடைக்காது. அதனால் அவனவன் ஆள், அவனவன் சொத்து அவனவனோடு, கிணறு கிணற்றுக்காரனோடு. கையெழுத்துப் போடும்போதே பழி பிரிக்கப்பட்டுவிடுகிறது, விபத்துக்கு முன்னாலேயே.

இதற்கிடையில், ரிக் மூழ்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் டிரான்ஸோஷன் நீதிமன்றத்துக்குப் போய், 1851ஆம் வருஷச் சட்டப்படி எங்கள் பொறுப்பை 2.67 கோடி டாலரோடு நிறுத்துங்கள் என்று கேட்டது. பாய்மரக் காலத்துச் சட்டம்: கப்பல் போனால் மிஞ்சியதன் மதிப்புக்கு மேல் கப்பல்காரனிடம் கேட்கக் கூடாது. கேட்டது கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் 2010ஐப் பாதுகாப்பில் தங்கள் மிகச் சிறந்த வருஷம் என்று சொல்லி அதிகாரிகளுக்குப் போனஸ் அறிவித்தார்கள். ஊரே காறித் துப்பியபின் மன்னிப்புக் கேட்டார்கள்.

#10 எதிர்க்காற்று

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்வதே என் வாதத்துக்கு வலு. தவறே இல்லாத அனடார்கோ கட்டுகிறது, 30 சதவீதத் தவறுக்காரன் ஷரத்துக்குப் பின்னால் ஒளிகிறான். இதற்குப் பெயர் நியாயமா? அப்படியென்றால் இன்னொரு படி மேலே போங்கள். அந்த எண்ணெய் யாருக்காக? வண்டியில் ஊற்றுகிற நமக்காக. 1,500 மீட்டர் தண்ணீருக்கு அடியில், அதற்கும் கீழே நான்கு கிலோமீட்டர் பாறையைத் துளைக்கச் சொன்னது நம் தாகம். நம் பங்கு எத்தனை சதவீதம்?

#11 ஆழி

ஒவ்வொரு கசிவுக்குப் பிறகும் இந்த வசனம் வந்துவிடுகிறது. வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறவரிடம் ஸ்லம்பெர்ஜர் குழுவைத் திருப்பி அனுப்பலாமா என்று யாராவது கேட்டார்களா? 8:52 போனில் அவர் இருந்தாரா? எண்ணெயை வாங்குவது ஒரு விஷயம், கிணற்றை எப்படி மூடுவது என்று முடிவெடுப்பது வேறு விஷயம். முதலாவதற்கு நான் வெட்கப்படத் தயார். இரண்டாவதற்குப் பங்கு கேட்டு என் வீட்டுக்கு வராதீர்கள்.

இத்தனை பேர் பேசியும் ஒருவர் பெயர் வரவில்லை. அரசாங்கம். அப்போது கடல் துளைப்பைக் கண்காணித்தது எம்.எம்.எஸ். என்ற கனிம மேலாண்மைத் துறை. குத்தகை கொடுப்பதும் அதுதான், ராயல்டி வசூலிப்பதும் அதுதான், பாதுகாப்பு ஆய்வு செய்வதும் அதுதான். உண்டியலும் சாட்டையும் ஒரே கையில். மக்காண்டோவுக்குத் தனியாக விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்ததும் அதே துறை. வளைகுடாவுக்கான பிபியின் கசிவுத் திட்டத்தில் காப்பாற்ற வேண்டிய உயிரினங்களில் வால்ரஸ் இருந்தது. வால்ரஸ்! ஆர்க்டிக் பனியில் வாழும் பிராணி. வேறு கடலுக்கு எழுதியதை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். அதைப் படித்து ஒப்புதல் முத்திரை குத்திய அதிகாரி ஒருவர் இருந்திருப்பாரே, அவருக்கு எத்தனை சதவீதம்? வழக்கில் அவர் பிரதிவாதியே இல்லை. 67, 30, 3 கூட்டினால் 100. அரசுக்கு இடமே இல்லாத 100.

பிறகு துறையை உடைத்தார்கள். 2011 அக்டோபரிலிருந்து குத்தகைக்கு ஒரு அமைப்பு, பாதுகாப்புக்கு ஒரு அமைப்பு. வசூல் அதற்கு முன்பே தனியாகப் போனது.

இது புதுசும் இல்லை. 1969 ஜனவரியில் சான்டா பார்பராவில் யூனியன் ஆயில் மேடைக்குக் கீழே கடலடி வெடித்து எண்ணெய் வந்தபோதும், விதி கேட்ட ஆழத்தைவிடக் குறைவாகக் குழாய் இறக்க விலக்குக் கொடுத்தது அரசாங்கத் துறைதான்.

#12 ஆழி

இன்னொன்று, தனியாக எழுதுகிறேன். கசிவின் அளவு. முதலில் நாளைக்கு 1,000 பீப்பாய் என்றார்கள். அடுத்த சில நாளில் 5,000. கடைசியில் அரசின் நிபுணர் குழு சொன்னது, தொடக்கத்தில் நாளைக்கு 62,000, மூடும்போது 53,000. வழக்காடி அக்கா சொன்ன பீப்பாய்க்கு இத்தனை டாலர் கணக்கை இதோடு சேர்த்துப் படியுங்கள். பீப்பாயைக் குறைத்துச் சொல்ல யாருக்கு ஆசை இருக்கும்? 2012இல் பிபி ஒப்புக்கொண்ட குற்றங்களில் 11 பேர் மரணம் மட்டும் இல்லை, கசிவின் அளவைப் பற்றி நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்ததும் உண்டு. அளவு தெரியாமல் அடைப்பான் வடிவமைக்க முடியுமா? மே மாதம் அடைக்கச் செய்த முயற்சிகள் தோற்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

#13 நெறியாளர்

எதிர்க்காற்று, ஆழி: தனிச்செய்தியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதாகப் புகார் வந்திருக்கிறது. விவாதம் நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#14 பரிதி

11 மரணத்துக்கு யாராவது சிறைக்குப் போனார்களா? பிபி குற்றத்தை ஒப்புக்கொண்டது என்றால் அது கம்பெனி. கம்பெனியைக் கூண்டில் அடைக்க முடியாதே.

#15 வழக்காடி

யாரும் போகவில்லை. அன்று ரிக்கில் இருந்த இரண்டு கம்பெனி மேன்கள் மேல் ஆட்கொலைக் குற்றம் சாட்டினார்கள். 2015 டிசம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. மிஞ்சியது நீரை மாசுபடுத்திய சிறு குற்றம். ஒருவர் ஒப்புக்கொண்டு 10 மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். இன்னொருவரை ஜூரி விடுதலை செய்தது.

இதில் எனக்கு இரண்டு மனசு. அந்த இருவரும் பலிகடா என்றால் பாதி உண்மை இருக்கிறது. எக்ஸான் வால்டெஸிலும் உலகம் கேப்டன் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அவருக்குக் கிடைத்த தண்டனை 50,000 டாலர் அபராதமும் 1,000 மணி நேரச் சமூகப் பணியும். எக்ஸானுக்கு ஜூரி 500 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது, 2008இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 50 கோடிக்குக் குறைத்தது. கீழே இருக்கிறவரைப் பிடித்தால் மேலே இருக்கிறவர் தப்பிக்கிறார், கம்பெனியைப் பிடித்தால் ஆளே தப்பிக்கிறார். மக்காண்டோவில் கடைசியில் கம்பெனிதான் கட்டியது, 2016 உடன்பாடு 2,080 கோடி டாலர். அதில் தூய நீர்ச் சட்ட அபராதம் 550 கோடி மட்டும்.

#16 கணக்குப்பிள்ளை

அந்த 550 கோடிக்குத்தான் வரிக்கழிவு கிடையாது. மீதியில் பெரும்பகுதியை வியாபாரச் செலவாகக் காட்டலாம். அப்படிக் குறைந்த வரியை யார் சுமந்தார்கள் என்று நீங்களே யோசியுங்கள். எதிர்க்காற்று சாரின் 'நம் பங்கு' இந்த வழியாக வந்து சேர்ந்துவிட்டது, குறைந்தபட்சம் அந்த நாட்டு வரி கட்டுகிறவர்களுக்கு. ஆரம்பத்திலிருந்து பிபிக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 6,500 கோடி டாலர் என்று அவர்களே கணக்குக் காட்டினார்கள்.

#17 ஆழி

எல்லாரும் பிபியையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த அளவுக்குப் பணம் உள்ளவன் மாட்டினான், வலுவான அரசாங்கம் எதிரில் நின்றது. அதனால் இவ்வளவாவது நடந்தது. மக்காண்டோவுக்கு எட்டு மாதம் முன்னால், 2009 ஆகஸ்டில் திமோர் கடலில் மொன்டாரா கிணறு வெடித்தது. ஆஸ்திரேலியாவின் கடற்பகுதி. தாய்லாந்துக் குழுமத்தின் ஆஸ்திரேலிய நிறுவனம், பி.டி.டி.இ.பி. 74 நாள் கசிந்தது. நஷ்டம் எல்லையைத் தாண்டி இந்தோனேசியாவின் கடல்பாசி விவசாயிகளுக்கு. பாசி வெளுத்து அழுகியது. கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவில் விதித்த அபராதம் 5 லட்சத்துச் சொச்சம் ஆஸ்திரேலிய டாலர். எண்ணெய் இந்தோனேசியக் கரைக்கு வந்து சேதம் செய்தது என்பதையே அவர்கள் ஏற்கவில்லை. விவசாயிகள் சிட்னி நீதிமன்றம் வரை போய், 2021இல் ஜெயித்து, 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு. 13 வருஷம். பாசி மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வரும் பயிர்.

#18 வழக்காடி

அதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். எண்ணெய்க் கப்பலுக்கு உலக உடன்படிக்கை இருக்கிறது. 1967இல் டோரி கேன்யன் உடைந்த பிறகு 1969இல் வந்தது. கப்பல் உரிமையாளர் தவறு நிரூபிக்காமலே கட்ட வேண்டும், போதாவிட்டால் பொது நிதியம் தரும். கடலடிக் கிணற்றுக்கு அப்படி உலகளாவிய உடன்படிக்கை எதுவும் இல்லை. மொன்டாராவுக்குப் பிறகு இந்தோனேசியா சர்வதேசக் கடல்சார் அமைப்பில் கேட்டுப் பார்த்தது, நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1979இல் மெக்சிகோவின் இக்ஸ்டாக் கிணறு வெடித்து டெக்சாஸ் கரை கறுத்தபோது, பெமெக்ஸ் 'நாங்கள் ஒரு நாட்டின் அரசு நிறுவனம், எங்களை உங்கள் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது' என்று ஒதுங்கிக்கொண்டது. அதோடு சரி.

#19 சும்மாவந்தவன்

இக்ஸ்டாக்கில் துளையிட்டது செட்கோ ரிக். அந்த செட்கோ பின்னாளில் யாரோடு சேர்ந்தது தெரியுமா? டிரான்ஸோஷன். சும்மா சொன்னேன்.

#20 பரிதி

கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். '67 சதவீதம் ஏன்' என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதச் சொன்னால், 'நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் அதிகம் இருந்ததோ அவரிடம் அதிகப் பழி' என்று எழுதலாமா? ஆனால் ஒரு சந்தேகம். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று எங்கள் வகுப்பில் ஒரு அட்டை கொடுத்தார்கள். 2013இல் அமெரிக்காவில் விதியாகவே வந்துவிட்டதாம். டிரான்ஸோஷன் ஆட்களுக்கும் அப்போதே அந்த உரிமை இருந்தது. 126 பேரிடமும் அதிகாரம் இருந்தது என்றால் என் வரி நிற்காதே?

#21 எதிர்க்காற்று

அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உரிமை கையில் இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

#22 சேற்றுக்காரன்

இறந்த 11 பேரில் 9 பேர் டிரான்ஸோஷன், 2 பேர் என்னைப் போல சேற்று வேலை பார்த்தவர்கள். பிபி ஆள் ஒருவரும் இல்லை. எதிர்க்காற்று தம்பி, இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அட்டை விஷயம். அன்று கிணறு திட்டத்தைவிட ஒரு மாதத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. ரிக் வாடகை மட்டும் நாளைக்கு 5 லட்சம் டாலருக்கு மேல், எல்லாம் சேர்த்தால் 10 லட்சம் பக்கம். அன்றுதான் மேலதிகாரிகள் ரிக்குக்கு வந்திருந்தார்கள், ஏழு வருஷம் பெரிய காயம் எதுவும் இல்லாமல் ஓட்டியதற்குப் பாராட்ட. அந்தச் சூழலில் அட்டையை எடுத்து நீட்டுவது எப்படி இருக்கும் என்று வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள்.

#23 பரிதி

நீங்கள் நீட்டியிருக்கிறீர்களா அண்ணே?

#24 சும்மாவந்தவன்

இரண்டு நாளாக ஆளைக் காணோம். சேற்றுக்காரரே?

#25 சேற்றுக்காரன்

இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கம்பெனி பெயர், கடல் பெயர் எதுவும் கேட்காதீர்கள்.

ஒருமுறை. சேற்றுத் தொட்டியில் அளவு மெல்ல ஏறுவதாகக் காட்டியது. உள்ளே அனுப்புவதைவிட அதிகமாக வெளியே வருகிறது என்றால் கிணறு ஓடுகிறது என்று அர்த்தம். டிரில்லர் பார்த்தார், கேஜ் கோளாறாக இருக்கும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நிறுத்தச் சொன்னேன். கிணற்றை மூடி நான்கு மணி நேரம் பார்த்தோம். கிணறு அசையவில்லை. கேஜ்தான் கோளாறு.

யாரும் திட்டவில்லை. கம்பெனி மேன் தோளில் தட்டி, நல்ல காரியம் செய்தாய் என்றார். பாதுகாப்புக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான்கு வாரம் கழித்து அடுத்த சுற்றுக்குப் போகும் ஆட்கள் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. ஆள் குறைப்பு என்றார்கள். குறைந்தது நான் ஒருத்தன்தான்.

#26 பரிதி

அதற்குப் பிறகு இன்னொரு ரிக்கில் அதே மாதிரி அளவு ஏறியிருந்தால்?

#27 சேற்றுக்காரன்

ஏறியது. முதலில் கேஜை மாற்றச் சொன்னேன்.